மைக்கில் சொன்னது

தன்னம்பிக்கையை ஒரு கூடத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க முடியும் என்பது எனக்கு முப்பத்தெட்டு வயது வரை தெரியாது. அது சிலருக்குப் பிறக்கும்போதே வரும், சிலருக்கு வராது, பல்வரிசை மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வரவில்லை. அதற்காக நான் பெரிதாக வருத்தப்பட்டதும் இல்லை. வருத்தப்படுவதற்கு வேறு எவ்வளவோ இருந்தது.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் எனக்கு வேலை. தொழிற்சாலையை நாங்கள் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நாள் முழுக்கக் குச்சியைப் பெட்டியில் அடைத்துவிட்டு வந்து சோற்றைப் பிசையும்போதும் விரலில் மருந்து வாடை அடிக்கும். இருந்தாலும் அது ஆபீஸ்தான். கணவருக்குக் கேரளாவில் கட்டட வேலை. மாதம் ஒருமுறை வந்துபோவார். ஒரே மகள், பிளஸ் டூ படிக்கிறாள். நர்சிங் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அவள் படிப்பதற்காகத்தான் நாங்கள் டவுனுக்கே குடிவந்தோம்.

நான் பிறந்தது கழுகுமலைப் பக்கம், ஒரு கிராமத்துக்கு வெளியே இருக்கும் காட்டுநாயக்கர் குடியிருப்பில். என் அப்பா வலையும் நாயுமாக அலைந்து முயலும் கௌதாரியும் பிடித்தவர். அது கூடாது என்று கெடுபிடி வந்த பிறகு பன்றி வளர்த்தார். மழை பெய்துவிட்டால் குடியிருப்பிலிருந்து ரோட்டுக்கு வர செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். கரிசல் சேறு காலைப் பிடித்தால் லேசில் விடாது. வீட்டுக்குள் ஒரு பிள்ளை புத்தகத்தை விரித்து வைத்து உட்கார இடம் கிடையாது. அங்கே இருந்துகொண்டு பிளஸ் டூ படித்தவர்கள் இல்லாமல் இல்லை. என் மகளும் அப்படிக் கஷ்டப்பட்டுத்தான் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு கேட்டுப் போனால் முதலில் பெயரைக் கேட்க மாட்டார்கள். நீங்க என்ன ஆளுக என்றுதான் கேட்பார்கள். அட்வான்ஸ், வாடகை, தண்ணீர் எல்லாம் அதற்குப் பிறகு. அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லி நாங்கள் இழந்த வீடுகள் பல. பதில் சொன்ன மாத்திரத்தில் வீட்டுக்கு வேறு ஆள் ஏற்கெனவே சொல்லியிருப்பது அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும். கடைசியாகக் கிடைத்த வீட்டில் மட்டும் அந்தக் கேள்வி வரவில்லை. நான் வாசலில் நிற்கும்போது அம்மாவிடமிருந்து போன் வந்தது. எங்கள் பேச்சில் இரண்டு வார்த்தை பேசினேன். அது தெலுங்கு மாதிரி இருக்கும், தெலுங்கு இல்லை. வீட்டுக்கார அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தெலுங்கு ஆளுகளா, அப்ப சம்சாரி வீடு என்றார். எங்கள் பக்கத்தில் சம்சாரி என்றால் விவசாயி. இந்தச் சுற்றுவட்டாரத்தில் தெலுங்கு பேசுகிற விவசாயக் குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு, நிலபுலனோடு. அக்கா எங்களையும் அதில் சேர்த்துவிட்டார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சாவியை வாங்கிக்கொண்டேன். இதற்காக நான் வெட்கப்பட வேண்டும் என்று யாராவது நினைத்தால், அவர்கள் என் இனத்தில் பிறந்து இந்த ஊரில் வீடு தேடிப் பார்த்துவிட்டு வரட்டும்.

அக்கா நல்லவர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல மனம் வராது. ஒரே வளவில் மூன்று வீடு. ஒன்றில் அவர், ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் மில்லுக்குப் போகும் ஒரு குடும்பம். அக்கா கருவாட்டுக் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் எங்களுக்கு வரும். மகள் மொட்டைமாடியில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்தால் அக்கா டிவி சத்தத்தைக் குறைத்துக்கொள்வார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் அவர்தான். அந்த வீட்டில்தான் என் மகள் நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று பெயர் எடுத்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பயிற்சி வந்தது. எங்கள் குடியிருப்பில் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனம் பழங்குடிப் பெண்களுக்கு ஆளுமை வளர்ச்சி, தன்னம்பிக்கை என்று ஒரு பயிற்சி ஏற்பாடு செய்தது. அம்மா என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டாள். டவுனில் ஒரு சர்ச்சுக் கூடம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு மத்தியானத்தில் வகுப்பு. மத்தியானச் சாப்பாடும், டீயோடு கடம்பூர் போளியும் உண்டு என்றார்கள். போளிக்காகத்தான் முதல் வாரம் போனேன் என்று மகள் இன்றைக்கும் கேலி செய்வாள். அது முழுக்கப் பொய்யும் இல்லை.

பயிற்சி கொடுத்தவர் வெளியூரிலிருந்து வந்த இளம்பெண். நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். சுறுசுறுப்பான ஆள், சிரித்த முகம். முதல் நாள் எங்களை வட்டமாக உட்காரவைத்து, தினமும் காலையில் ஆளுயரக் கண்ணாடி முன் நின்று நான் அழகானவள், நான் திறமையானவள் என்று சொல்லச் சொன்னார். எங்கள் குடியிருப்பில் இருக்கும் கண்ணாடியில் ஒரு சமயத்தில் ஒரு கன்னம்தான் தெரியும். எந்தக் கன்னத்தை அழகு என்று சொல்வது என்று எனக்குப் பக்கத்தில் இருந்தவள் முணுமுணுத்தாள், நாங்கள் இரண்டு பேரும் சிரித்து மாட்டிக்கொண்டோம். மேடம் கோபிக்கவில்லை. சிரிக்கிறதும் நம்பிக்கைதான் என்றார்.

கேலி செய்தாலும் நான் ஒரு வாரம்கூட விடவில்லை. குனிந்து பேசாதீர்கள், எதிரே இருப்பவர் கண்ணைப் பாருங்கள், வாக்கியத்தை முடியுங்கள், நடுவில் விழுங்காதீர்கள் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். ஆபீசில் கங்காணி என் பெட்டிகளைக் கழித்துப் போட்டபோது, இதில் என்ன குறை என்று அவன் கண்ணைப் பார்த்துக் கேட்டேன். அவன் அசந்துபோய்ப் பாதியைத் திரும்பக் கணக்கில் சேர்த்தான். அன்றைக்கு நான் ஆபீசிலிருந்து வீட்டுக்கு நடந்த நடையே வேறு. மகளிடம் சொன்னபோது, ஏம்மா இத்தனை நாளா எங்க வச்சிருந்த இந்த வாயை என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

கடைசி வாரம் விழா மாதிரி நடத்தினார்கள். மேடை, மைக், பின்னால் பேனர். ஒவ்வொருவரும் மேடைக்கு வந்து பெயர், ஊர், இனம், தன்னைப் பற்றிப் பெருமையான ஒரு விஷயம் இவ்வளவையும் சொல்ல வேண்டும். இனத்தைச் சொல்ல ஏன் கூச்சப்படுகிறீர்கள், கூச்சப்பட வேண்டியவர்கள் நீங்கள் இல்லை என்றார் மேடம். அந்தப் பேச்சு எனக்குள் எங்கோ போய்த் தைத்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்டபோது, ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் கேட்டபோது, வீட்டு வாசல்களில் கேட்டபோது, எப்போதும் வாய்க்குள்ளேயே சொல்லிப் பழகிய ஒரு சொல். அதை மைக்கில் சொல்லிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

சொன்னேன். என் பெயரைச் சொன்னேன். கழுகுமலைப் பக்கம் என்றேன். காட்டுநாயக்கர் என்றேன். என் அப்பா தரையில் கிடக்கும் தடத்தைப் பார்த்தே முயல் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று சொல்லுவார், அவர் மகள் நான், என் மகள் நர்ஸ் ஆகப் போகிறாள் என்றேன். கூடத்தில் எதிரொலி வந்தது. என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள், விழா பார்க்க வந்திருந்த அம்மா அழுதாள். அதற்குப் பிறகு என்ன நடந்திருந்தாலும் சரி, அந்த நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதைப் பற்றி நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

ஒரு பையன் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். எல்லாக் கூட்டத்திலும் பிடிப்பதுதானே என்று விட்டுவிட்டேன். தொண்டு நிறுவனத்தார் அதை வெட்டி ஒட்டி, பின்னால் பாட்டுப் போட்டு இணையத்தில் விட்டார்கள். அது ஊரெல்லாம் சுற்றியது. வீட்டுக்கார அக்காவின் போனுக்கும் வந்தது.

அக்கா போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த அந்தச் சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வளவில் நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். மில்லுக்குப் போகிற வீட்டுப் பெண்ணையும் கூப்பிட்டு, நம்ம வீட்டு ஆளு டிவிக்காரி மாதிரி பேசுதா பாரு என்று சத்தத்தைக் கூட்டி வைத்தார். அவருக்கு அவ்வளவு பெருமை. முழுசாகப் பார்க்காமலே ஓடிவந்திருக்கிறார். வீடியோவில் என் பெயர் வந்தது, ஊர் வந்தது. அக்கா என் தோளைத் தட்டினார். பிறகு இனம் வந்தது. கை என் தோளிலேயே இருந்தது, ஆனால் அதில் கனம் இல்லாமல் போய்விட்டது. பாதியில் நிறுத்தினால் தப்பாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, கடைசி வரை ஓடவிட்டார். நல்லா பேசியிருக்க தாயி என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு குழம்புக் கிண்ணம் வரவில்லை. நான் வளவுக் குழாயில் தண்ணீர் பிடித்து முடித்ததும் மில் வீட்டுப் பெண் குழாய் வாயைக் கழுவிவிட்டுக் குடத்தை வைத்தாள். இதெல்லாம் எங்களுக்குப் புதிது இல்லை. புதிது இல்லை என்பதால் வலிக்காது என்று நினைக்க வேண்டாம். அந்த மாதம் முடிவதற்குள் அக்கா வந்து, மகனுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறோம், அவன் குடிவர வீடு வேண்டும் என்றார். மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். அவன் கோவில்பட்டிக்கு எதற்குக் குடிவரப் போகிறான் என்று நான் கேட்கவில்லை. வேறு ஒன்றைக் கேட்டேன். தலையை நிமிர்த்தி, கண்ணைப் பார்த்து, விழுங்காமல் கேட்டேன்.

"எங்க ஆளுக யாருன்னு தெரிஞ்சதுனாலதான காலி பண்ணச் சொல்லுதீய?"

அக்காவால் என் கண்ணைப் பார்க்க முடியவில்லை. சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல தாயி. சத்தியமா இல்ல. சொந்தக்காரவிய சொல்லுதாவ. நாளைக்கு மகனுக்குப் பொண்ணு எடுக்கணும், நாலு பேரு வீட்டுக்கு வருவாவ. நீ ஏன் அதப் போயி மைக்குல சொன்ன?"

கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது அவர் நிஜமாகவே அழுதார். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக வந்தது. அவருக்குத் தெரியாத வரைக்கும் அவருக்கும் ஒன்றும் இல்லை, எனக்கும் ஒன்றும் இல்லை. நான் சொன்னதுதான் குற்றம் என்று ஆகிவிட்டது. பரீட்சை முடியும் வரைக்குமாவது இருக்கிறோம் என்று கேட்டேன். சொந்தக்காரர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றவர், மறுநாள் வாடகைக்கு விடப்படும் என்ற அட்டையை வெளியே மாட்டினார். மகன் குடிவரப் போகும் வீட்டுக்கு எதற்கு அந்த அட்டை என்று அதையும் நான் கேட்கவில்லை.

மேடத்துக்குப் போன் போட்டேன். அவர் கொதித்துப்போனார். கலெக்டருக்கு மனுக் கொடுக்கலாம், போலீசுக்குப் போகலாம், நாங்கள் கூட நிற்கிறோம் என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை, நின்றிருப்பார். ஆனால் எனக்கு வேண்டியது பரீட்சைக்கு முன்னால் ஒரு வீடு. முதலில் அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் தயங்கினார். எத்தனையோ பெண்களுக்கு அது தைரியம் கொடுக்கிறது, இப்போது எடுத்தால் நீங்கள் பயந்துவிட்டதாக ஆகிவிடும் என்றார்.

"பயந்தாத்தான் என்ன மேடம்? எம் பிள்ள எங்கன உக்காந்து படிப்பா?" என்றேன்.

வீடியோவை எடுத்துவிட்டார்கள். அதற்குள் யார் யார் போனிலோ அது போய் உட்கார்ந்துவிட்டது. மேடத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டா என்று கேட்டால் உண்டு, இல்லை, இரண்டும்தான். எங்களுக்குப் பேசச் சொல்லிக்கொடுக்க வந்தார், நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். கேட்கிறவர்களுக்கு ஒரு பயிற்சி வைக்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, அவரை அனுப்பியவர்களுக்கும் தோன்றவில்லை. அப்படி ஒன்றை வைத்தால் எந்தக் கூடமும் நிறையாது என்பது வேறு விஷயம்.

மகள் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். நான் ஏறிப்போனால் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வாள். உன் ஆச்சி இருக்கிற குடியிருப்புக்கே போய்விடலாமா என்று ஒருநாள் கேட்டேன். அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நீ ஒரு நா சந்தோசமா இருந்த. அதுக்கு நான் பிளஸ் டூவ விடணுமா?"

அவள் கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் அவளிடம் வாதாடியிருக்கலாம். வாதாடத் தெரிந்துவிட்டதே எனக்கு. வாதாடவில்லை. கணவர் போனில், குடியிருப்புக்குப் போனால் அவள் படிப்பு அவ்வளவுதான், எப்படியாவது டவுனிலேயே பார் என்றார். எப்படியாவது என்றால் எப்படி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆபீஸ் விட்டு வந்து தினமும் வீடு தேடினேன். ரெயில்வே ஸ்டேஷன் பக்கம், மில் பக்கம், பைபாஸ் பக்கம். இந்தத் தடவை கேட்டால் சொல்லிவிடுவது என்று வீம்பாக இருந்தேன். ஒருமுறை மைக்கில் சொன்ன பிறகு மறுபடி வாய்க்குள் போட்டு மெல்ல என்னால் முடியவில்லை. நிமிர்ந்து நின்று சொன்னேன். என் குரல் தெளிவாக இருந்தது, கண் தாழவில்லை. ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் மரியாதையாக மோர் கொடுத்து, வீடு இப்போதுதான் பேசி முடிந்தது என்றார்கள். அந்த மோரை வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன், வெயில் அப்படி.

ஒரு சனிக்கிழமை நானும் வருகிறேன் என்று மகள் கிளம்பினாள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மாடியில் ஒற்றை அறை, சமையலுக்கு ஒரு மூலை, ஜன்னல் ஓரம் வெளிச்சம். அவள் அந்த ஜன்னலைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அந்த வீட்டு அம்மாள் வயதானவர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எங்களை உட்காரச் சொன்னார். எங்கே வேலை, பிள்ளை என்ன படிக்கிறாள் என்று விசாரித்தார். நல்ல மனுஷி மாதிரிதான் இருந்தது. பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்தேன்.

மகள் முந்திக்கொண்டாள்.

"நாங்க தெலுங்கு ஆளுக ஆச்சி. சம்சாரி வீடு. எங்க தாத்தாவுக்குக் கழுகுமலைப் பக்கம் கரிசக்காடு இருந்துச்சு. உளுந்து, பருத்தி, கம்பு எல்லாம் போடுவாவ. ஒரு சோடி மாடு நின்னுச்சு."

அவள் அந்த அம்மாளின் கண்ணைப் பார்த்தே சொன்னாள். எங்கேயும் தடுக்கவில்லை. மாட்டுக்கு என்ன நிறம் என்று கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பாள். ஊரார் காடுகளின் வரப்போரம் வலையோடு பதுங்கிப் போய், ஆள் வந்தால் ஓடி ஒளிந்த என் அப்பாவுக்கு, என் மகள் இருந்த இடத்திலிருந்தே காடும் மாடும் கொடுத்துவிட்டாள். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, அய்யா இருக்காவளா என்று கேட்டார். இல்லை, அப்பா இறந்துவிட்டார் என்றேன். அவரைப் பற்றி நாங்கள் அங்கே சொன்னவற்றில் அது ஒன்றுதான் நிஜம். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். சம்சாரி வீட்டுப் பிள்ளைக அடக்க ஒடுக்கமா இருக்கும் என்று சொல்லிச் சாவியை மகளிடம் கொடுத்தார்.

தெருவுக்கு வந்ததும் நான் அவளைத் திட்டவில்லை. திட்டுவேன் என்று அவள் எதிர்பார்த்திருப்பாள். முனையில் டவுன் பஸ்ஸுக்கு நின்றோம். அவள் சாவியைப் புத்தகப் பையின் உள்ஜிப்பில் போட்டு மூடினாள். பிறகு அந்த நாட்களில் முதல்முறையாக என் கையைப் பிடித்தாள். கோபமாக எதுவும் சொல்லவில்லை, கெஞ்சினாள்.

"பரீட்ச முடியுத வரைக்கும் யார் கேட்டாலும் நீ பேசாத. நான் பேசிக்கிடுதேன்."

சரி என்றேன்.